பவளத் தொட்டியின் நீரோட்டம்: பம்பின் எண்ணைத் தாண்டிப் பார்க்க வேண்டியவை

டர்பனில் பவளத் தொட்டி, அதாவது உயிருள்ள பவளங்களை வளர்க்கும் கடல்நீர்த் தொட்டி, வைக்க விரும்பி என்னிடம் யோசனை கேட்பவர்கள் பெரும்பாலும் விளக்கில்தான் தொடங்குகிறார்கள். எத்தனை வாட், எந்த நிறம், எத்தனை மணி நேரம் எரிய வேண்டும் என்றெல்லாம் கேட்டு முடித்த பிறகு உப்புக்கும் கால்சியத்துக்கும் வருகிறார்கள். பம்பைப் பற்றி மட்டும், "மணிக்கு 8,000 லிட்டர் என்று கடையில் சொன்னார்கள், போதுமா?" என்ற ஒரே கேள்வியோடு நிறுத்திக்கொள்கிறார்கள். இந்தக் கட்டுரை அந்த ஒரு கேள்விக்கான விடை. விடை இவ்வளவு நீளக் காரணம், கேள்வியிலேயே கோளாறு இருப்பதுதான்.

பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் எண், பம்ப் எவ்வளவு நீரைத் தள்ளும் என்பதைச் சொல்கிறது. அந்த நீர் பவளத்தின் மேனியை எப்படித் தொடுகிறது என்பதை அது சொல்வதில்லை. பவளம் பிழைப்பதும் வளர்வதும் இரண்டாவதைப் பொறுத்தவை.

பவளத்தின் மேல் ஒட்டிக்கிடக்கும் நீர்

மீனுக்குப் பசித்தால் இரையைத் தேடிப் போகும். மூச்சு முட்டினால் மேற்பரப்புக்கு வந்து வாயைத் திறக்கும். பவளமோ ஒட்டிய இடத்திலேயே வாழ்நாளைக் கழிக்கும் உயிர். அதற்கு வேண்டிய ஆக்சிஜனும், உணவும், எலும்புக்கூட்டைக் கட்டுவதற்கான கால்சியமும் அது இருக்கும் இடத்துக்கு வந்து சேர வேண்டும். அது கழிக்கும் கோழையும் அம்மோனியாவும் அதை விட்டு விலக வேண்டும். இந்த இரண்டு வேலையையும் செய்வது நீர்தான். ஆனால் ஒரு திடப்பொருளின் மேல் ஓடும் நீர், அந்தப் பொருளைத் தொடும் இடத்தில் ஓடுவதில்லை. அங்கே ஒரு மெல்லிய படலம் ஏறக்குறைய அசையாமல் ஒட்டிக்கிடக்கிறது. வெந்நீர் வாளியில் கையை விட்டு அசைக்காமல் வைத்திருந்தால் ஓரளவு தாங்கிக்கொள்ளலாம், சற்றே அலசினால் உடனே சுரீரென்று சுடும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். கையை ஒட்டி ஆறிக்கிடந்த படலம் கலைந்து, புதிய வெந்நீர் தோலைத் தொடுவதே அதற்குக் காரணம். பவளத்தின் மேல் இருப்பதும் அதே வகைப் படலம். அதன் கனம் ஒரு மில்லிமீட்டரை ஒட்டியதாகவே இருந்தாலும், அதனூடே வாயுக்களும் உப்புகளும் மெல்லப் பரவித்தான் கடக்க முடியும். நீர் வேகமாகவும் கலங்கியும் ஓடும்போது படலம் மெலிகிறது. நீர் அடங்கும்போது தடிக்கிறது.

பகல் வேளையில் பவளத்தின் திசுக்களுக்குள் வாழும் நுண்பாசிகள் ஒளிச்சேர்க்கை செய்து, தேவைக்கு மிஞ்சிய ஆக்சிஜனை வெளிவிடுகின்றன. அந்த மிகுதி உடனே வெளியேறாவிட்டால் ஒளிச்சேர்க்கையே தடைப்படும். நீரோட்டம் ஒளிச்சேர்க்கையைக் கூட்டுவதற்கு முக்கியக் காரணம் அது ஆக்சிஜனை விரைவாக வெளியேற்றுவதுதான் என்று 2010-ல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது; கரியமில வாயுவைக் கொண்டுவந்து கொடுப்பதே நீரோட்டத்தின் பெரிய உதவி என்று அதுவரை பலர் எண்ணியிருந்தார்கள். இரவில் நிலைமை தலைகீழாகிறது. பாசிகள் ஆக்சிஜன் தருவதை நிறுத்திவிட, பவளமும் பாசியும் சேர்ந்தே மூச்சு விடுவதால், அசையாத நீரில் பவளத்தின் மேற்பரப்பில் ஆக்சிஜன் ஏறக்குறைய இல்லாமலே போய்விடும். பவளத்தின் மேனியில் உள்ள நுண்ணிய மயிரிழைகள் தாமே துழாவிச் சிறு சுழல்களை உண்டாக்கி நீரைக் கலக்குகின்றன என்பதை 2014-ல் ஆய்வாளர்கள் படம்பிடித்துக் காட்டினார்கள். அது அழகான கண்டுபிடிப்பு என்றாலும், நின்ற நீரில் அந்த மயிரிழைகளை மட்டும் நம்பித் தொட்டி நடத்த முடியாது.

வெப்பமும் இதில் சேர்கிறது. 25 பாகை செல்சியஸில் ஒரு லிட்டர் நன்னீர் சுமார் 8.2 மில்லிகிராம் ஆக்சிஜனைக் கரைத்து வைத்திருக்கும். அதே வெப்பத்தில் கடல்நீரில் கரைவது சுமார் 6.7 மில்லிகிராம். வெப்பம் ஏற ஏற இந்த அளவு மேலும் குறையும். தைப்பூசக் காவடி வரும் ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் டர்பனின் புழுக்கத்தில் குளிரூட்டி இல்லாத தொட்டி எளிதாக 29 பாகையைத் தொடும். அப்போது நம்மில் பெரும்பாலோர் விசிறியைத் தேடுவோம். பம்பைத் தொட மாட்டோம். 1998-ல் உலகெங்கும் பவளங்கள் வெளுத்தபோது, எவை பிழைத்தன, எவை மடிந்தன என்பதற்கு நீரோட்டமும் ஓரளவு காரணம் என்று நாகமுரா, வான் வூசிக் என்ற ஆய்வாளர்கள் 2001-ல் வாதிட்டார்கள். எனவே கோடையில் விசிறியை நீரின் மேல் திருப்புவதோடு, பம்பின் வேகத்தையும் ஒரு படி கூட்டி வைப்பது என் வழக்கம்.

எண்ணின் கணக்கு

தொட்டியின் கொள்ளளவைப் போல் எத்தனை மடங்கு நீர் ஒரு மணி நேரத்தில் பம்புகள் வழியே போகிறது என்பதைத்தான் கடைகளில் கணக்காகச் சொல்கிறார்கள். மென்பவளங்களுக்கு 10 முதல் 20 மடங்கு, சதைப்பற்று மிகுந்த பெரிய வாய்க் கற்பவளங்களுக்கு 20 முதல் 30 மடங்கு, அக்ரோபோரா போன்ற சிறு வாய்க் கற்பவளங்களுக்கு 40 மடங்கும் அதற்கு மேலும் என்பது பொதுவான வழக்கு. பம்ப் வாங்கும்போது இந்தக் கணக்கு உதவும். வாங்கிய பிறகு அதை மறந்துவிடுவது நல்லது. ஏன் என்பதை ஓர் உதாரணத்தால் பார்க்கலாம்.

120 செ.மீ. நீளம், 50 செ.மீ. அகலம், 50 செ.மீ. உயரம் உள்ள தொட்டி 300 லிட்டர் கொள்ளும். அதில் மணிக்கு 5,000 லிட்டர் தள்ளும் இரண்டு பம்புகளை வைத்தால் மொத்தம் 10,000 லிட்டர், அதாவது 33 மடங்கு. கேட்பதற்குப் பெரிய எண்தான். ஆனால் 10,000 லிட்டரை நொடிக்கணக்காக்கினால் சுமார் 2,780 கன சென்டிமீட்டர் வருகிறது. தொட்டியின் குறுக்குவெட்டுப் பரப்பு 2,500 சதுர சென்டிமீட்டர். பம்ப் தள்ளிய நீர் மட்டும் அந்தப் பரப்பு முழுவதும் சமமாக நகர்ந்தால், அதன் வேகம் நொடிக்கு 1.1 செ.மீ. மட்டுமே. எறும்பு அதைவிட விரைந்து ஊரும். பவளப்பாறையில் அமைதியான நாளிலேயே நீர் நொடிக்குப் பல சென்டிமீட்டர் நகர்கிறது. அலை மோதும் இடங்களில் பல பத்துச் சென்டிமீட்டர்.

அப்படியிருந்தும் அதே பம்புகளால் நல்ல தொட்டிகள் நடக்கின்றன என்றால், பம்பிலிருந்து புறப்படும் நீர் தனியாகப் போவதில்லை என்பதே காரணம். அது பக்கத்து நீரையும் இழுத்துக்கொண்டு போகிறது. குறுகிய வாயிலிருந்து பீச்சியடிக்கும் பழைய வகைப் பவர்ஹெட் ஓர் ஈட்டியைப் போல நீரைக் குத்திச் செல்லும். அருகில் இருக்கும் பவளத்தைப் புண்ணாக்கிவிட்டு, சற்றுத் தூரத்தில் வலுவிழந்துபோகும். விசிறி இறக்கை கொண்ட இன்றைய வேவ்மேக்கர் அகன்ற வாயால் அதே அளவு நீரை மெதுவாகத் தள்ளி, பெரிய நீர்த்திரளையே நகர்த்தும். உருளை வடிவில் நீண்ட வாயோடு வரும் கைர் வகைப் பம்ப், தொட்டியின் மேற்பரப்பு நெடுகப் பாய் விரித்தாற்போல் நீரை ஓட்டி, எதிர்க் கண்ணாடியில் இறங்கி, அடித்தளம் வழியாகத் திரும்பி வரச் செய்யும். மூன்றின் பெட்டியிலும் 5,000 லிட்டர் என்றே எழுதியிருக்கலாம். தொட்டிக்குள் அவை செய்யும் வேலை வேறுவேறு.

ஆகவே மடங்குக் கணக்கை விட்டுவிட்டு வேகத்தை நேரே அளந்து பாருங்கள். அதற்குக் கருவி வேண்டியதில்லை. முன் கண்ணாடியில் 30 செ.மீ. இடைவெளியில் இரண்டு துண்டு நாடாவை ஒட்டுங்கள். உறைநிலையில் விற்கும் ஆர்ட்டீமியா என்ற சிற்றிறால் உணவை உருக்கிச் சிறிது பம்பின் முன் விட்டு, கைப்பேசியில் காணொளி எடுங்கள். ஒரு துணுக்கு ஒரு நாடாவிலிருந்து மற்றதை 2 நொடியில் கடந்தால் வேகம் நொடிக்கு 15 செ.மீ. இதைப் பாறையின் முன்புறம், பின்புறம், மணலுக்கு அருகே, மூலைகளில் என்று நான்கைந்து இடங்களில் செய்தால், எங்கே நீர் உயிரோடு இருக்கிறது, எங்கே உறங்குகிறது என்பது ஒரே மாலையில் தெரிந்துவிடும். துணுக்குகள் ஓரிடத்தில் சுற்றிச் சுற்றி வந்து கீழே படிந்தால் அது செத்த மூலை. சிவப்பும் கருஞ்சிவப்புமான வழவழப்பான சயனோபாக்டீரியா படலம் முதலில் தலைகாட்டுவது பெரும்பாலும் அங்கேதான்.

வேகத்தோடு இன்னொன்றும் வேண்டும்: திசை மாற வேண்டும். நாள் முழுவதும் ஒரே பக்கத்திலிருந்து வரும் ஓட்டத்தில், கிளைகொண்ட பவளத்தின் எதிர்ப்புறம் எப்போதும் நிழலிலேயே கிடக்கும். அங்கே கசடு சேரும், திசு வெளுக்கும். டர்பன் கடற்கரையில் முழங்கால் அளவு நீரில் நின்று பார்த்தவர்களுக்கு இது சொல்லாமலே விளங்கும். அலை வந்து காலைத் தள்ளுகிறது. அடுத்த கணம் அதே நீர் திரும்பும்போது காலடி மணலைப் பறித்துக்கொண்டு போகிறது. இந்தக் கரையில் கரைவலை இழுத்த நம் முன்னோர், தள்ளும் நீரைவிட இழுக்கும் நீருக்கே அதிகம் அஞ்சியிருப்பார்கள் என்பது என் ஊகம். பவளத்தின் இடுக்குகளைத் துடைத்துச் சுத்தம் செய்வதும் அந்தப் போக்குவரத்துதான்.

இன்றைய கட்டுப்பாட்டுப் பெட்டிகளில் ஊசல் அலை உண்டாக்கும் முறையும் உண்டு. ஊஞ்சலை உரிய கணத்தில் தள்ளினால் சிறு விசையே போதும் என்பதைப் போல, தொட்டியின் நீளத்துக்கு ஏற்ற இடைவெளியில் பம்ப் துடித்தால் நீர்த்திரள் முழுவதும் இரு பக்கமும் ஆடத் தொடங்கும். மேலே சொன்ன 120 செ.மீ. தொட்டியில் அந்த ஆட்டம் ஒருமுறை போய்வர ஏறக்குறைய 1.4 நொடி ஆகும். நீளமான தொட்டியில் இன்னும் கூடும். அந்த மதிப்பிலிருந்து தொடங்கிச் சிறிது சிறிதாகக் கூட்டியும் குறைத்தும் பார்த்தால் பொருந்தும் புள்ளி அகப்படும். நீர்மட்டம் ஓரத்தில் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் ஏறி இறங்கினால் போதுமானது. அதற்கு மேல் போனால் தாங்கும் மேசை ஆடும், கண்ணாடியின் ஒட்டுகளுக்கு நாள்தோறும் ஆயிரக்கணக்கான முறை அழுத்தம் ஏறும், தரையும் நனையும். மரப்பலகைத் தரை உள்ள வீட்டில் இந்த முறையை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பம்புகளை வைக்கும் இடம்

முதலில் பாறை. பம்பை வாங்கிய பிறகு பாறையை அடுக்குவதைவிட, நீர் போகும் வழியை மனத்தில் வைத்து அடுக்குவதே முறை. பின் கண்ணாடியில் சாய்த்துச் சுவர் போல அடுக்கினால், அந்தச் சுவரின் பின்னால் உள்ள நீர் எந்தப் பம்புக்கும் கட்டுப்படாது. பின்புறம் 7 அல்லது 8 செ.மீ. இடைவெளி விடுங்கள், பக்கங்களில் அதைவிடக் கூடுதலாக விடுங்கள். இரண்டு தனித் தீவுகளாக அடுக்கி நடுவே ஒரு வாய்க்கால் விட்டால் நீர் ஊடுருவும், பார்வைக்கும் ஆழம் கிடைக்கும். அடியில் குகை போல் வளைவு விடும்போது அதன் இரு முனையும் திறந்திருக்கட்டும். ஒருபக்கம் அடைத்த குகை கசடுக் கிடங்காகிவிடும்.

120 செ.மீ. தொட்டிக்கு என் தேர்வு, இரு பக்கக் கண்ணாடிகளில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு வேவ்மேக்கர்கள். மேற்பரப்பிலிருந்து உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு கீழே, ஒன்றைவிட மற்றொன்று கையகலம் ஏற்ற இறக்கமாக இருக்கும்படி வைக்கிறேன். இரண்டையும் பாறையை நோக்கித் திருப்பாமல், முன் கண்ணாடியின் நடுப்பகுதியை நோக்கிச் சாய்வாகத் திருப்பினால், இரு ஓட்டங்களும் கண்ணாடியில் பட்டு, ஒன்றோடொன்று மோதி, சிதறிய நிலையில் பவளங்களைச் சென்றடையும். அந்தச் சிதறல்தான் நமக்கு வேண்டியது. ஒன்று ஓங்கும்போது மற்றது தணியும்படி நிரல் அமைத்து, சில நிமிடங்களுக்கு ஒருமுறை முறை மாற்றினால் திசை மாற்றமும் கிடைத்துவிடும். நொடிக்கு நொடி மாற்றிக்கொண்டே இருந்தால் நீர்த்திரள் வேகமெடுக்கும் முன்பே விசை நின்றுபோகும் என்பதையும் கவனிக்க வேண்டும். ஒரு பம்பாவது மேற்பரப்பை நன்கு சுருக்கி அசைக்க வேண்டும். ஆக்சிஜன் நீருக்குள் வருவதும், கரியமில வாயு வெளியேறி அமிலகாரக் குறியீடு சரிந்துவிடாமல் இருப்பதும் அந்தச் சுருக்கத்தால்தான். விளக்கொளி தரையில் மின்னி மின்னி ஆடினால் மேற்பரப்பு வேலை செய்கிறது என்று கொள்ளலாம்.

மணல் பறந்து பாறையின் மேல் படிந்தால் பம்பை உயர்த்துங்கள், அல்லது மணலை மாற்றுங்கள். மாவு போன்ற மென்மணல் வலுவான ஓட்டத்துக்கு ஒத்துவராது. 1 முதல் 2 மி.மீ. வரை பருமன் உள்ள மணல் பெரும்பாலும் அடங்கிக் கிடக்கும்.

அடியில் உள்ள சம்ப் தொட்டியிலிருந்து நீரை மேலேற்றும் ரிட்டர்ன் பம்பை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம். அதன் வேலை நீரை, கழிவை நுரையாக்கிப் பிரிக்கும் ஸ்கிம்மருக்கும் வெப்பமூட்டிக்கும் கொண்டுபோய்த் திருப்புவது மட்டுமே. மணிக்கு 4 அல்லது 5 மடங்கு போதும். அதன் பெட்டியில் உள்ள எண், நீரை ஒரு சென்டிமீட்டர்கூட உயர்த்தாத நிலையில் அளந்தது. ஒரு மீட்டருக்கு மேல் ஏற்றி, இரண்டு முழங்கை வளைவுகளையும் கடக்கச் செய்தால் பெருமளவு குறைந்துவிடும் என்பதால், வாங்கும் முன் பெட்டியிலோ கையேட்டிலோ உள்ள உயர வரைபடத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடற்சாமந்தி வைத்திருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அது பிடிக்காத இடத்தை விட்டு இரவில் நகரும். நகர்ந்து பம்பின் இறக்கையில் சிக்கினால் விடிவதற்குள் தொட்டி முழுவதும் கூழாகிவிடும். பம்பின் வாய்க்கு நுரைப்பஞ்சு உறையோ மெல்லிய வலையோ போட்ட பிறகே அதைத் தொட்டிக்குள் விடுங்கள்.

எதற்கு எவ்வளவு

தென்னாப்பிரிக்காவின் வடகிழக்குக் கரையில் உள்ள சோட்வானா விரிகுடாவின் பவளங்களை முக்குளித்துப் பார்த்தவர்கள், அங்கே தோல் பவளங்களும் விரல் போன்ற சைனுலேரியாவும் பரந்து கிடப்பதைக் கண்டிருப்பார்கள். ஆப்பிரிக்கக் கரையின் தென்கோடிப் பவளத் திட்டுகளைச் சேர்ந்தவை அவை. பழைய மணற்குன்றுகள் இறுகிய பாறையின் மேல் மெல்லிய போர்வையாகப் படர்ந்திருக்கும் அவற்றை இந்துமாக் கடலின் நீண்ட அலைகள் ஓயாமல் அசைத்துக்கொண்டே இருக்கின்றன. மென்பவளம் என்றால் மெல்லிய ஓட்டம் போதும் என்று கடைகளில் கேட்கும் பாடம் அங்கே சென்றால் மறந்துபோகும். தோல் பவளம் அவ்வப்போது சுருங்கி, மெழுகு போன்ற ஒரு சவ்வை உரித்துவிடும் இயல்புடையது. ஓட்டம் இல்லாவிட்டால் அந்தச் சவ்வு மேலேயே ஒட்டி அழுகும். நல்ல ஓட்டத்தில் இரண்டு மூன்று நாளில் தானே கழன்று போய்விடும். அந்தக் கடற்பகுதி பாதுகாக்கப்பட்டது, அங்கிருந்து ஒரு துணுக்கையும் எடுக்கக் கூடாது என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

காளான் பவளங்களையும் ட்ராக்கிஃபில்லியா என்ற மூளைப் பவளத்தையும் ஓட்டம் தணிந்த தரைப்பகுதியில் வையுங்கள். ஸோவாந்தஸ் என்ற பொத்தான் பவளம் நடுத்தர ஓட்டத்தில் நன்றாக விரியும். கடல்விசிறிகள் தம் அகன்ற முகத்துக்கு நேரே ஓட்டத்தை எதிர்கொள்ள விரும்பும். விசிறியைப் பக்கவாட்டில் திருப்பி வைத்தால் இரை பிடிக்காது. அக்ரோபோராவுக்கு வலுவும் மாற்றமும் ஒருசேர வேண்டும். ஒரே இனம் வலுத்த ஓட்டத்தில் குட்டையாகவும் தடித்தும், தணிந்த ஓட்டத்தில் மெலிந்து நீண்டும் வளரக்கூடும் என்பதால், கடையில் பார்த்த வடிவம் நம் வீட்டிலும் அப்படியே நிலைக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

மிகுந்த கவனம் வேண்டுவது டார்ச், ஹாமர் என்று விற்கப்படும் யூஃபில்லியா குடும்பத்துக்குத்தான். அவற்றின் நீண்ட கரங்கள் நெற்கதிர் காற்றில் ஆடுவதுபோல் ஆடி, மீண்டும் நிமிர வேண்டும். கரங்கள் நிமிராமல் ஒரே பக்கம் படிந்து கிடந்தால் ஓட்டம் மிகுதி. அசைவே இல்லாமல் ஊதிக் கிடந்தால் குறைவு. என் முதல் டார்ச்சை, அதன் ஆட்டம் கண்ணுக்கு அழகாக இருக்கிறது என்று பம்பிலிருந்து ஒரு சாண் தூரத்தில் வைத்தேன். மூன்று வாரத்தில் பம்பைப் பார்த்த பக்கத்தில் மட்டும் சதை விலகி வெள்ளை எலும்பு தெரிந்தது. நோய் என்று நினைத்து மருந்துக் குளியல் கொடுத்து இருந்த உயிரையும் போக்கினேன். பவளம் ஒரு பக்கமாக மட்டும் கரைந்தால், மருந்தைத் தேடும் முன் அந்தப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள்.

புதிய பவளத்தை எப்போதும் கீழே, தணிந்த இடத்தில் வைத்துத் தொடங்கி, வாரத்துக்கு ஒரு படியாக மேலேற்றுங்கள். புதிய பம்பையும் அதன் வலுவில் மூன்றில் ஒரு பங்கில் தொடங்கி அதே நிதானத்தில் கூட்டுங்கள். இரண்டையும் ஒரே வாரத்தில் மாற்றினால், பவளம் எதற்காகச் சுருங்கியது என்பதைக் கண்டுபிடிக்க வழியே இருக்காது.

மின்சாரம் நிற்கும் நேரம்

தென்னாப்பிரிக்காவில் தொட்டி வைப்பவர்கள் இந்தப் பகுதியை இரண்டு முறை படிக்க வேண்டும். 2023-ல் முறைவைத்து மின்வெட்டு உச்சத்தில் இருந்தபோது, ஒரே நாளில் இரண்டு மணி நேரமாகவும் நான்கு மணி நேரமாகவும் பலமுறை நீரோட்டம் நின்றது. 2022 ஏப்ரல் வெள்ளத்தின்போது டர்பனின் சில பகுதிகளில் நாட்கணக்கில் மின்சாரம் இல்லை. விளக்கு இல்லாமல் பவளம் பல நாள் தாங்கும்; வெப்பமும் மெதுவாகத்தான் மாறும். நீரோட்டம் நின்றால் ஆக்சிஜன் சில மணி நேரத்தில் ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும், அதிலும் மீன்கள் மிகுந்த தொட்டியில் இரவு நேரத்தில்.

ஆகவே இருக்கும் மின்கலத்தின் சக்தியை ஒரே ஒரு வேவ்மேக்கருக்குக் கொடுங்கள். ஸ்கிம்மரும் வெப்பமூட்டியும் காத்திருக்கட்டும். நேர்மின்சாரத்தில் இயங்கும் வேவ்மேக்கர் குறைந்த வேகத்தில் 8 வாட் அளவுக்கு எடுக்கும் என்று வைத்துக்கொள்வோம். நம் வீடுகளில் கேட் மோட்டாருக்கும் அலாரத்துக்கும் பயன்படும் 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரியில் 84 வாட்-மணி உண்டு. ஈய பேட்டரியை முழுதும் வடித்தால் அது விரைவில் கெடும் என்பதால் பாதியையே கணக்கில் எடுத்தால் 42 வாட்-மணி. ஐந்து மணி நேரத்துக்கு வருகிறது. 24 வோல்ட் பம்பானால் இத்தகைய இரண்டைத் தொடராக இணைக்க வேண்டும். பம்பின் மேல் எழுதியுள்ள வோல்ட்டைப் பார்க்காமல் இணைக்காதீர்கள். இந்தச் செலவும் முடியாதவர்கள், மின்சாரம் நின்றவுடன் தானே ஓடத் தொடங்கும் பேட்டரிக் காற்றுப் பம்ப் ஒன்றையாவது வாங்கி மாட்டிவையுங்கள். காற்றுக் குமிழி அழகான நீரோட்டத்தைத் தராது. ஆனால் மீனைச் சாகவிடாது.

பம்ப் நிற்கும்போது மேல் தொட்டியின் நீர், ரிட்டர்ன் குழாய் வழியே சம்புக்குள் பின்வாங்கும். குழாயின் வாய் மேற்பரப்புக்கு 2 செ.மீ. கீழே இருந்தால், மேலே சொன்ன தொட்டியிலிருந்து 12 லிட்டர் இறங்கும், 10 செ.மீ. கீழே இருந்தால் 60 லிட்டர். குழாயில் நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே 3 அல்லது 4 மி.மீ. துளை ஒன்று இட்டால், நீர் அந்த மட்டத்துக்கு இறங்கியதும் காற்றுப் புகுந்து உறிஞ்சல் அறுபடும். அந்தத் துளையைப் பாசியும் நத்தையும் அடைக்கும் என்பதால் வாரம் ஒருமுறை பல்குத்தும் குச்சியால் குத்திவிடுங்கள். திரும்பாத வால்வை மட்டும் நம்பியிருந்தால், அதில் ஒரு மணல் துணுக்கு சிக்கும் நாள் தரைவிரிப்பு நனையும் நாளாகும். தொட்டியை நிரப்பிய முதல் நாளே பிளக்கைப் பிடுங்கி, சம்ப் வழியாமல் நிற்கிறதா என்று கண்ணால் பார்த்துவிடுங்கள்.

தெருவில் மின்சாரம் இருக்கும்போதே நம் வீட்டில் மட்டும் நிற்பதும் உண்டு. பழைய வெப்பமூட்டியில் ஈரம் புகுந்தால், மின்கசிவைக் கண்டதும் மின்சாரத்தை அறுக்கும் எர்த் லீக்கேஜ் விழும். அதோடு எல்லாப் பிளக்குகளும் அணையும். உயிரைக் காக்கும் அந்தக் கருவியை எந்தக் காரணத்துக்காகவும் சுற்றிக் கடத்தக் கூடாது. தொட்டிக்கென்று தனி எர்த் லீக்கேஜ் வைக்க உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கேளுங்கள். எல்லாக் கம்பிகளும் பிளக்குக்கு ஏறும் முன் ஒருமுறை கீழே தொங்கி வளையட்டும். வழியும் நீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். நெடுநேரம் நின்ற மூடிய வகை வடிகட்டி இருந்தால், அதன் உள்ளே தேங்கிய நீரைக் கொட்டிவிட்டு ஓடவிடுங்கள். ஆக்சிஜன் தீர்ந்து கெட்ட நீர் அது.

கழுவுதல்

உணவு போடும் வேளையில் ரிட்டர்ன் பம்பைப் பத்து நிமிடம் நிறுத்தி, வேவ்மேக்கரை மெதுவாக ஓடவிடுவது வழக்கம். பவளத்தின் வாய்கள் மிதமான ஓட்டத்தில்தான் நன்றாக இரை பிடிக்கும். முழுதும் நின்ற நீரில் உணவு அவற்றை வந்தடையாது. வேகமான ஓட்டத்தில் கைகள் மடங்கிவிடும். நிறுத்தியதை மறக்காமல் இருக்க, நேரம் கழிந்ததும் தானே இயங்கும் பொத்தான் உள்ள கட்டுப்பாட்டுப் பெட்டியை வாங்குவது நல்லது.

இரண்டு மூன்று மாதத்தில் பம்பின் இறக்கையிலும் அச்சிலும் சுண்ணாம்பும் ஊதாநிறக் கோரலின் பாசியும் படிந்து, நாம் அறியாமலே ஓட்டம் தேய்ந்துவிடும். பம்பைக் கழற்றி, வெள்ளை வினிகரும் நீரும் சரிபாதியாகக் கலந்த வாளியில் ஒன்றிரண்டு மணி நேரம் ஊறவைத்து, பழைய பல்துலக்கியால் தேய்த்து, நன்னீரில் அலசினால் புதிதுபோல் ஆகும். அப்படிக் கழுவிய பம்பை முன்பு இருந்த அதே அளவில் திருப்பி ஓடவிடாதீர்கள். அழுக்கேறிய பம்பின் ஓட்டத்துக்குப் பழகிய டார்ச்சின் மேல் முழு வலுவும் ஒரே நொடியில் இறங்கும். கால் பங்கு குறைத்து வைத்து, நாடா ஒட்டிய கண்ணாடியின் முன் மீண்டும் ஒருமுறை ஆர்ட்டீமியாவை விட்டுப் பார்த்து, அடுத்த சில நாட்களில் பழைய வேகத்துக்குக் கொண்டுவாருங்கள்.